மடத்துக்கு நேர்ந்த பூனை

லா பாஸ், இலோய்லோ
ஜனவரி 10

அன்புள்ள மானாங்,

சமாதானம் உண்டாவதாக. நீங்களும் மதரும் மடத்துச் சகோதரிகள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். நான் நலம். நீங்கள் அனுப்பிய ஓஸ்தி அப்பத்தின் ஓரத் துண்டுகள் வந்து சேர்ந்தன. பூசைக்கு வட்டமாக வெட்டியபின் மிஞ்சுவதற்கே இந்த ருசி என்றால் என்ன சொல்வது! காபியில் தோய்த்துத் தோய்த்து இரண்டே நாளில் காலி செய்துவிட்டேன்.

லும்பியாப் பூனைக்கு வீடு கிடைத்துவிட்டது. ஹாரோவில் ஒரு டீச்சரம்மா. வாரம் இரண்டு நாள் மீன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவனைக் கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். கவிழ்த்த தட்டு காய்வதற்குள் ஜிங்ஜிங் அடுத்ததைக் கொண்டுவந்துவிட்டாள். தெருப் பூனைகளைப் பிடித்து, வைத்தியம் பார்த்து, வீடு தேடித் தரும் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, வண்டியோட்டி எல்லாம். மிரண்ட பூனைகள் என்றால் நேரே என் வாசலுக்குத்தான். என் வீட்டில் டி.வி. இல்லை. பேரப்பிள்ளைகள் இல்லை. வியோலெட்டா கண்ணை மூடியபிறகு கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தப் பெண்டாட்டியும் இல்லை.

"நோங் டோமிங், இது கொஞ்சம் வெட்கக்காரி. மூணு வீடு மாத்தியாச்சு. யார் மூஞ்சியையும் பார்க்க மாட்டேங்குது."

"என்கிட்ட மட்டும் பார்க்கிற மாதிரி மூஞ்சியா இருக்கு?"

"அதனாலதான் கொண்டுவந்தேன்."

மீன் சந்தையில் ஐஸ் பெட்டிகளுக்கு அடியில் கிடந்ததாம். சாம்பல் நிறம், வெள்ளைக் கால்கள். கூடையைத் திறந்ததும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனது, இன்னும் வரவில்லை. வழக்கம்போல நான் சமைத்த பண்டத்தின் பெயரையே வைத்தேன். அன்றைக்கு மோலோ சூப். ஆகவே இது மோலோ.

ஜெபத்தில் என்னையும் நினையுங்கள். படியேறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. எல்லாம் கிறிஸ்துமஸ் பன்றி செய்த வேலை.

உங்கள் தம்பி,
டோமிங்


அந்தீக்கே மலை
ஜனவரி 22

அன்புள்ள தோத்தோ,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் அப்படியே கேட்டு எழுதுகிறேன். அறுபத்தாறு வயதுக் கிழவனைத் தம்பிப் பையா என்று கூப்பிட உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அந்த உரிமையை விடுவதாக இல்லை.

கல்யாண மாதம் ஆரம்பித்துவிட்டது. மழை பெய்து காரியம் கெடக்கூடாதென்று நேர்ந்துகொண்டு பெண்வீட்டார் கொண்டுவரும் முட்டை வாசலில் குவிகிறது. இந்த ஜனவரி வெயிலில் மழை எங்கிருந்து வரும் என்று கேட்டால் புண்ணியம் போய்விடும். பாதியை அக்கம்பக்கத்து ஏழைகளுக்குக் கொடுத்தும் மிச்சம். காலையில் அவித்தது, மதியம் பொரித்தது, சாயங்காலம் குழம்பில். சகோதரி பெர்பெதுவா கொக்கரிக்காத குறைதான்.

பன்றிமேல் பழி போடாதே. மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போக வேண்டும். போனாயா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எத்தனை பூனைகள் உன் வீட்டுக்கு வந்து, ஆள் பழகி, அடுத்த வீட்டுக்குப் போயின. ஒன்றையாவது உனக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா?

மதர் ஆசீர் சொல்லச் சொன்னார்.

அக்கா,
சோலெங் (இங்கே சகோதரி கொன்சொலாத்தா)


லா பாஸ்
பிப்ரவரி 3

அன்புள்ள மானாங்,

சமாதானம். உங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அனைவரும் நலம் என்றறிந்ததில் நிம்மதி. நானும் நலம்.

தினாக்யாங் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் காதைத் தடவிக்கொள்கிறது. இந்த வருடம் மேளக் கூட்டம் ஒன்று எங்கள் சந்து முனையிலேயே ஒத்திகை பார்த்தது. சட்டி பானையெல்லாம் தானாக ஆடியது. மோலோ ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. கையை விட்டு இழுக்கவா முடியும்? மிரண்டதைத் தேடிப் போனால் இன்னும் மிரளும்.

நான் செய்வது ஒன்றுதான். தரையில் மணை போட்டு, பூனைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதாவது கைவேலை பார்ப்பேன். நம்மைப் பார்க்காதவனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அன்றைக்குப் பூண்டு உரித்தேன். மேளம் நிற்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. தெருவுக்கே போதுமான பூண்டு சேர்ந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் முழங்கையில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு! திரும்பிப் பார்த்தால் போச்சு என்று பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் நகத்தையும் சேர்த்து உரித்திருப்பேன்.

மறுநாள் உரித்த பூண்டைத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். "என்ன நோங், பேய் விரட்டறீங்களா?" என்றார்கள்.

ஜிங்ஜிங் வந்து, வீடு தேட ஆரம்பிக்கலாமா என்றாள். சீக்கிரம் பார் என்று சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட பிராணியை யார் எடுப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை. யார் வந்தாலும் ஒளிந்துகொள்கிறாள். நான் அடுப்பில் நிற்கும்போது மட்டும் என் செருப்பின்மேல் உட்காருகிறாள்.

எல்லோருக்கும் என் வணக்கம்.

டோமிங்


அந்தீக்கே மலை
பிப்ரவரி 15

அன்புள்ள தோத்தோ,

இயேசுவுக்குப் புகழ். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். டாக்டரைப் பற்றி எழுதவில்லை. நான் கேட்ட மற்றதற்கும் பதில் இல்லை. போகட்டும், ஒரு நல்ல செய்தி சொல்கிறேன்.

எங்கள் ஓஸ்தி அறையில் எலித்தொல்லை. மாவு மூட்டையை இரண்டு இடத்தில் கடித்துவிட்டன. பொறி வைத்தோம், சகோதரி பெர்பெதுவாவின் கால் கட்டைவிரல்தான் மாட்டியது. ஆண்டவருடைய அப்பத்துக்கான மாவு, விஷம் வைக்க முடியாது. நேற்று உன் கடிதத்தை மதருக்குப் படித்துக் காட்டினேன். செருப்பின்மேல் உட்காரும் இடத்தில் சிரித்துவிட்டார். "அந்தப் பூனையையே கேளுங்களேன்" என்றார்.

இப்படிப்பட்ட பிராணியை யார் எடுப்பார்கள் என்று கேட்டிருந்தாய். நாங்கள் எடுக்கிறோம். யார் கண்ணிலும் படாமல், சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்கிறாள். நாங்களும் அதற்குத்தானே இங்கே வந்தோம்! முட்டைக்குப் பஞ்சமில்லை. உன் கவலையும் தீர்ந்தது, எங்கள் கவலையும் தீர்ந்தது.

தவக்காலத்தில் பார்வையாளர் கிடையாது. உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள் திங்கள் காலை கூடையோடு வா. வாசல் சுவரில் இருக்கும் மரச் சுழல்பெட்டி உனக்குத் தெரியுமே. முட்டை வைக்கிற அதே இடத்தில் வைத்துச் சுற்றிவிட்டால் அவள் எங்கள் பக்கம் வந்துவிடுவாள்.

அன்புடன்,
சோலெங்


லா பாஸ்
பிப்ரவரி 24

அன்புள்ள மானாங்,

சமாதானம். நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மடம் கேட்டதை நம் வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னதில்லை. மோலோவை உங்களுக்கு நேர்ந்துவிட்டேன் என்று மதரிடம் சொல்லுங்கள். வேறு வீடு பார்க்க வேண்டாம் என்று ஜிங்ஜிங்கிடமும் சொல்லியாயிற்று. திங்கள் காலை வருகிறேன்.

டோமிங்


அந்தீக்கே மலை
மார்ச் 3

அன்புள்ள தோத்தோ,

இயேசுவுக்குப் புகழ். மதருக்கு மிகவும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. பூண்டு உரித்ததற்கு ஒரு பக்கம் எழுதினவன், இதற்கு நாலு வரியோடு நிறுத்திவிட்டாயே. உடம்பு சரியில்லையா?

பதிலை நான் இப்போது பார்க்க முடியாது. நாளை மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து கடிதம் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. வருகிறதெல்லாம் வாசல் சகோதரியின் அலமாரியில் கிடக்கும். உயிர்ப்பு ஞாயிறு காலையில் கட்டாகக் கையில் தருவார். எழுதாமல் இருந்துவிடாதே.

உனக்காக வேண்டிக்கொள்ளும்,
சோலெங்


லா பாஸ்
மார்ச் 16

அன்புள்ள மானாங்,

சமாதானம். இதை நீங்கள் படிக்கும்போது தவம் முடிந்து நல்ல சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். இப்போது படிக்க மாட்டீர்கள் என்பதே எனக்கு ஒரு தைரியம். கிராதிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசும்போதுகூட உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டால் பாதியை விழுங்கிவிடுவேன்.

அவளைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

சொல்லிவிட்டேன். எழுதி முடித்ததும் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கொடுக்க மாட்டேன் என்று அர்த்தமில்லை. நேர்ந்ததைத் திரும்பக் கேட்கிறவன் நம் வீட்டில் பிறக்கவில்லை. அப்பா கடைசி முட்டைக்கோழியை மடத்துக்கு எடுத்துப் போனபோது அம்மா வாயைத் திறக்காமல் கால்களைக் கட்டிக் கொடுத்தாள். ஆனாலும் மனமில்லை.

மற்றப் பூனைகளைக் கொடுக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கிப் பரிமாறிய மாதிரி. இவளைக் கொடுக்க நினைத்தால் பாதி வெந்ததை இறக்குகிற மாதிரி இருக்கிறது. இவள் இன்னும் முழுசாகப் பழகவில்லை. என்னிடம் மட்டும் பழகியிருக்கிறாள். தபால்காரன் குரல் கேட்டால் என் காலுக்கு நடுவில் வந்து நிற்கிறாள். முன்பெல்லாம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓடுவாள். ஒளிகிற இடமாக என்னை மாற்றிக்கொண்டிருக்கிறாள், மானாங்.

எலிகள் அதிகம் கடிக்காமல் இருக்கட்டும்.

டோமிங்


லா பாஸ்
ஏப்ரல் 2

அன்புள்ள மானாங்,

சமாதானம். நான் நலம் என்று எழுதக் கை தானாகப் போகிறது. இந்தத் தடவை எழுதவில்லை.

டாக்டரிடம் போனாயா என்று கேட்டீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்பே, டிசம்பரிலேயே போய்விட்டேன். இதயம் தாளம் தப்பி அடிக்கிறதாம். தோலுக்கு அடியில் சின்னக் கருவி ஒன்று வைத்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்புறம் யோசிக்கவே இல்லை. வியோலெட்டா இருந்திருந்தால் காதைப் பிடித்து இழுத்துப் போயிருப்பாள். அவள் இல்லாத வீட்டுக்கு இன்னும் பத்து வருடம் எதற்கு என்று தோன்றியது. நீங்கள் கோபப்படுவீர்கள். பாவம் என்பீர்கள். தவக்காலத்திலேயே சொல்லிவிட்டேன், பாவசங்கீர்த்தனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கும் இதுதான் பதில். பூனை பதினைந்து, பதினெட்டு வருடம் இருக்கும். நான் இருப்பேனா? மூன்று வீடு மாறி வந்தவள் இவள். என்னை நம்ப வைத்துவிட்டு நான் பாதியில் போனால், அது ஐஸ் பெட்டிக்கு அடியில் விட்டுவிட்டு வந்ததைவிட மோசம். ஆகவே நீங்கள் கேட்டது நல்லதுதான். என் புத்தி சரி என்கிறது. என்னிடம் சரி என்று சொல்லாத வேறொன்றும் இருக்கிறது, அது தாளம் தப்புகிற அதே இடத்தில்.

நேற்று மீன் அரிந்துகொண்டிருந்தபோது கொஞ்சம் தலை சுற்றியது. அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். மோலோ வந்து மடியில் ஏறினாள். முதல் தடவை. பக்கத்திலேயே அரிந்த மீன் தட்டு. அவள் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

டோமிங்


லா பாஸ்
ஏப்ரல் 15

அன்புள்ள மானாங்,

சமாதானம். முந்தைய இரண்டு கடிதங்களையும் தபாலில் போட்டபிறகு எழுதாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு எண்ணம். மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கூடைக்குள் பழைய சட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். துவைக்காதது, அதனால் சகோதரிகள் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். அவளைத் தேடிப் போக வேண்டாம், முதுகைக் காட்டி உட்காருங்கள். மீன் என்றால் முள் நீக்கி, உப்பில்லாமல்.

திங்கள் காலை வருகிறேன்.

டோமிங்


அந்தீக்கே மலை
ஏப்ரல் 23

அன்புள்ள தோத்தோ,

இயேசு உயிர்த்தார், அல்லேலூயா. கூடையோடு பத்திரமாக வீடு சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்தது தெரியாதே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிறு காலை மூன்று கடிதங்களும் கைக்கு வந்தன. தேதி வரிசையில் படித்தேன். இரண்டாவதைப் படித்துவிட்டு எழுந்து நேரே மதரிடம் போனேன். பெருவிழாவும் அதுவுமாக அழுத முகத்தோடு போனதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார்.

"மதர், நமக்கு நேர்ந்ததைத் திருப்பிக் கொடுக்கலாமா?"

"ஏன், கொடுத்தவர் கேட்கிறாரா?"

"கேட்க மாட்டான். செத்தாலும் கேட்க மாட்டான்."

கடிதத்தை வாங்கிப் படித்தார். "கொடுத்தவங்க திருப்பிக் கேட்கக் கூடாது, சரி. வாங்கினவங்க கொடுக்கக் கூடாதுன்னு யார் சொன்னது? வர்ற முட்டையில பாதியை நாம வெளியில கொடுக்கலையா?" என்றார்.

"அவனுக்கு அப்புறம் யாருங்கறதுதான் அவன் கவலை, மதர்."

"அப்புறம் நாம இருக்கோம்னு சொல்லுங்க. இங்கே யாராவது ஒருத்தர் எப்பவும் இருப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. வாசலிலேயே தடுத்து அனுப்பியிருக்கலாம், ஏன் பெட்டியைச் சுற்றவிட்டாய் என்று நீ கேட்கலாம். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மூடியைத் திறந்தேன். சட்டைக்குள் இரண்டு கண்கள். சொன்னபடி முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன், முழங்கால் வலியோடு. அவள் அசையவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமினாய். பின்னால் கூடை கிரீச்சென்றது. திரும்பிப் பார்த்தேன், மன்னித்துக்கொள். கூடையிலிருந்து கழுத்தை நீட்டி, உன் இருமல் வந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

"எடுத்துட்டுப் போ, தோத்தோ" என்று நான் சொன்னதும் நீ "நேர்ந்துட்டேன் மானாங், நேர்ந்துட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னாய். "நீ கொடுத்தது எங்களுக்கு வந்தாச்சு. இப்ப மடம் உனக்குக் கொடுக்குது. வேண்டாம்னு சொல்றியா?" என்றேன். "எனக்கு அப்புறம்?" என்றாய். மதர் சொன்னதைச் சொன்னேன். பிறகு பெட்டியை உன் பக்கம் திருப்பிச் சுற்றிவிட்டேன். நீ அழுதாயா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

என்னை நம்பாதே, எனக்கு எழுபத்துநாலு. மடத்தை நம்பு. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. அந்தக் கருவியை வைத்துக்கொள். கேட்டு வாங்கித்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது, இதையும் கேட்கிறேன். மடம் கேட்டு நம் வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

உன் அக்கா,
சோலெங்


லா பாஸ்
மே 4

அன்புள்ள மானாங்,

சமாதானம் உண்டாவதாக. மதருக்கும் எல்லோருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். எப்படிச் சொன்னால் போதுமானதாக இருக்கும் என்று தெரியவில்லை.

அழுதேன். பஸ்ஸிலும் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கூடையைப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லம்மா, கிடைச்சிடுச்சு" என்றேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் கூடையைத் திறந்ததும் மோலோ ஃபிரிட்ஜ் பக்கம் போகவில்லை. நடுவீட்டில் நின்று என்னைத் திட்டினாள். இத்தனை நாளும் அவளுக்குக் குரல் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. சந்தை மீன்காரி தோற்றாள். ஒருபக்கம் சந்தோஷமாகவும் ஒருபக்கம் வெட்கமாகவும் இருந்தது. முழுக்கக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஜிங்ஜிங்கிடம் போய், இவளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அப்பாடா, நோங். பிப்ரவரியிலேருந்து உங்க மூஞ்சியைப் பார்க்க முடியல" என்றாள். உங்களால் முடியாமல் போனால் யார் பொறுப்பு என்று படிவத்தை நிரப்பிக்கொண்டே வழக்கம்போல் கேட்டாள். மடத்தின் பெயரைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு பூனைக்கு ஒரு மடமா?"

"கொஞ்சம் வெட்கக்காரி, அதான்."

உங்கள் மாவு மூட்டைக்கு அடோபோ என்று ஒருவனை அனுப்புகிறேன். ஒற்றைக் கண். வெட்கம் என்றால் என்னவென்றே தெரியாதவன். எலிகளுக்காக நீங்கள்தான் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கும். சகோதரி பெர்பெதுவா தன் தட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறேன். இரண்டு நாள் இருக்க வேண்டுமாம். மோலோவுக்குச் சாப்பாடு ஜிங்ஜிங் வந்து வைப்பாள். முதுகைக் காட்டி உட்காரச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பயமில்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டரிடம் கருவி எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டேன். பத்து வருடத்துக்குமேல் போகும், அப்புறம் வேறு மாற்றிக்கொள்ளலாம் என்றார். போன தடவை அதே டாக்டர் அதையேதான் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது நீளமாகத் தெரிந்தது. இப்போது போதாது போல இருக்கிறது.

எனக்கு அப்புறம் அவள் உங்களிடம் வருவாள், அதில் மாற்றமில்லை. ஆனால் சகோதரிகளிடம் சொல்லி வையுங்கள், மானாங்: அவசரப்பட்டு எதிர்பார்க்க வேண்டாம்.

தம்பி,
டோமிங்